விலை குறைவு என்றாலும் ஆன்லைனில் துணி வாங்கப் பலர் தயங்குவது ஏன்?

வாங்குபவர் எடைபோடுவது உண்மையான ஆபத்தை அல்ல, தன் மனத்தில் கணிக்கும் ஆபத்தை. 1960-இல் ஹார்வர்டு பேராசிரியர் ரேமண்ட் பாவர் நுகர்வோர் ஆய்வுக்குள் கொண்டுவந்த கருத்து இது.

பணம் போய்விடுமோ என்ற பயம் வேறு, பொருள் சரியில்லாமல் வருமோ என்ற பயம் வேறு. 2010-இல் ஃபிளிப்கார்ட் இந்தியாவில் தொடங்கிய 'பொருள் வந்தபின் பணம்' முறை முதல் பயத்தைத் தணித்தது. ஆனால் பெரும்பாலும் பார்சலைப் பிரிக்குமுன்பே பணம் கொடுக்க வேண்டும். அதனால் இரண்டாவது பயம் அப்படியே நிற்கிறது. துணியில் அதுதான் பெரிது. தொட்டுப் பார்க்க முடியாது. 'எம்' சைஸ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இதற்கு மருந்தாகத் தள்ளுபடியைக் கூட்டுவது விற்பவர்கள் செய்யும் பெரிய தவறு. பெயர் தெரியாத கடையில் 80 சதவீதத் தள்ளுபடி என்றால் சந்தேகம்தான் கூடும். மார்பளவையும் நீளத்தையும் சென்டிமீட்டரில் கொடுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் போடுங்கள். திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ரிட்டர்ன், ரீஃபண்ட் விவரங்களைத் தெரிவிப்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி கட்டாயமும்கூட.

வாங்குபவர்கள் முதல் ஆர்டரைச் சிறியதாக வைத்து, பார்சல் பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் அதுவே சாட்சி.