கேள்வி-பதில்: கணினி கேபினட்டுக்கு பாடி ஃபில்லர் வாங்குவோர் கவனத்துக்கு

கணினி கேபினட்டின் முன்பக்கத்தைத் தம் விருப்பப்படி வளைத்தும் புடைத்தும் வடிவமைக்க விரும்புவோரிடமிருந்து இப்பகுதிக்குத் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. கார் டிங்கரிங் பட்டறைகளில் நசுங்கிய தகரத்தைச் சமன்செய்யப் பூசும் பாடி ஃபில்லரைத்தான், பட்டறைக்காரர்கள் பேஸ்ட் என்றும் பட்டி என்றும் சொல்லும் பொருளைத்தான், அவர்கள் பயன்படுத்துகிறார்கள். இந்த வாரம் முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே.

ஹார்டுவேர் கடையில் கார் பேஸ்ட் கேட்டேன். பெரிய டப்பாவிலிருந்து அரைக் கிலோ எடுத்து பாலித்தீன் கவரில் கட்டி, சிவப்பு ஹார்ட்னரை இன்னொரு சிறிய கவரில் கொடுத்தார்கள். கலந்து பூசி மூன்று நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லிலேயே அச்சடித்திருப்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் கடைக்காரர். என் பணம் போனதுதானா? – கொடுங்கையூர் வாசகர்

போகவில்லை. அந்த அச்சு வாசகத்தைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பியது சட்டப்படி தவறு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நியாயமற்ற வணிக நடைமுறைகள் எவை என்று 2(47) பிரிவில் வரையறுத்திருக்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் ஏதும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது அவற்றுள் ஒன்று. பில் கொடுக்காமல் இருப்பது இன்னொன்று. நீங்கள் பில் வாங்கி வைத்திருப்பது மிக நல்ல காரியம்.

ஆனால் இந்தக் கவர் வியாபாரத்தைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும், ஏனெனில் எனக்கு வரும் ஃபில்லர் புகார்களில் மிகுந்த வருத்தம் தருவது இதுதான். பாடி ஃபில்லர் என்பது ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்த பாலியெஸ்டர் ரெசினோடு (பிசினோடு) டால்க் போன்ற மாவுப் பொருள்களைக் குழைத்த கலவை. அது தானாகக் காய்ந்து இறுகுவதில்லை. ஹார்ட்னரில் உள்ள பென்சாயில் பெராக்சைடு தூண்டும் வேதிவினையால்தான் இறுகுகிறது. பெரும்பாலான ஃபில்லர்களுக்கு எடையில் 100 பங்குக்கு ஏறத்தாழ 2 பங்கு ஹார்ட்னர் போதும். குறைந்தால் உங்களுக்கு நேர்ந்ததைப் போலப் பிசுபிசுப்பாகவே நிற்கும். கூடினால் சீக்கிரம் இறுகினாலும், மிஞ்சிய பெராக்சைடு பின்னாளில் பெயின்ட்டின் மேல் கறையாகக் கசியும். சரியான அளவு எவ்வளவு, கலந்த பின் எத்தனை நிமிடம் இறுகாமல் இருக்கும், எந்த மாதம் தயாரித்தது, எதுவரை பயன்படுத்தலாம் என்பதெல்லாம் டப்பாவின் மேல்தான் இருக்கின்றன. பிரித்துக் கட்டிக் கொடுக்கும்போது வாங்குபவரிடமிருந்து பறிக்கப்படுவது அந்தத் தகவல்கள் அத்தனையும்தான். போதாக்குறைக்கு, அடிக்கடி திறக்கப்படும் பெரிய டப்பாவிலிருந்து ஸ்டைரீன் ஆவியாகிப் போவதால் ஃபில்லர் தடித்துவிடுகிறது. தகரக் கூரைக்கு அடியில், சென்னையின் வெக்கையில், மாதக்கணக்கில் கிடக்கும் ஹார்ட்னர் வீரியம் இழக்கிறது. முன்கூட்டியே பொட்டலம் கட்டி விற்கும் பொருள்களின் மேல் தயாரிப்பாளர் அல்லது பொட்டலமிட்டவரின் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. கடைக்காரர் தாமே கவர் கட்டி அடுக்கி வைத்து விற்றால் அவரும் பொட்டலமிட்டவரே. உங்கள் கண்ணெதிரே நிறுத்துக் கொடுத்திருந்தால் அந்த விதி பொருந்தாமல் போகலாம். ஆனாலும் பொருளின் தரத்தையும் அளவையும் பற்றி அறிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

பாரிமுனைக்கு அருகே ஒரு கடையில் நான் முழு விலை கொடுத்து வாங்கிய ஃபில்லர் டப்பாவில், ஹார்ட்னர் குழாய் உள்ளேயே வறண்டு பொடியாகிக் கிடந்தது. டப்பாவில் தயாரிப்பு மாதமும் தொகுப்பு எண்ணும் இருந்ததால் கடைக்காரரால் மறுக்க முடியவில்லை, மாற்றித் தந்தார். கவரில் வாங்கியிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மீதம் இருந்தால் சிறிய மின்னணுத் தராசில் 50 கிராம் ஃபில்லரையும் 1 கிராம் ஹார்ட்னரையும் நிறுத்து, நிறம் ஒரே சீராகும் வரை கலந்து, ஒரு தகரத் துண்டில் பூசிப் படம்பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் இறுகவில்லையென்றால், தவறு உங்கள் கலவையில் இல்லை என்பதற்கு அது சான்று. அதோடு கடைக்காரருக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுங்கள். அவர் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். அதற்கும் பலனில்லையென்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை, 2 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. கேபினட்டின் மேல் பிசுபிசுப்பாக நிற்பதை முழுவதும் சுரண்டி எடுத்துவிடுங்கள். அதன் மேல் ஹார்ட்னரைத் தடவினால் இறுகாது.

சுவருக்கு அடிக்கும் பட்டி வீட்டில் மீதம் இருந்தது. அதையே கேபினட்டில் பூசினேன். ஒரே வாரத்தில் பாளம் பாளமாக உதிர்ந்துவிட்டது. பட்டி கம்பெனியிடம் இழப்பீடு கேட்கலாமா? – பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

கேட்க முடியாது. அது வெள்ளை சிமென்ட் கலந்த பொருள், சுவருக்கு என்று பையிலேயே எழுதியிருக்கிறது.

கேபினட்டின் முன்பலகையில் சிங்க முகம் வேண்டும் என்று ஒரு டிங்கரிங் பட்டறையில் 6,000 ரூபாய் கொடுத்துச் செய்தேன். ஒரு மாதத்தில் நெற்றியில் விரிசல், பிறகு ஒரு பக்கம் அப்படியே பெயர்ந்து வந்துவிட்டது. "கம்ப்யூட்டர் சூட்டுக்கு ஃபில்லர் தாங்காது, நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். உண்மையா? – ராயபுரம் வாசகர்

உண்மை இல்லை. சித்திரை வெயிலில் தெருவில் நிற்கும் காரின் கூரைத் தகரம் கை வைக்க முடியாத அளவுக்குக் காய்கிறது. அதே ஃபில்லர் அந்தத் தகரத்தின் மேல் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. கேபினட்டின் முன்பலகை அந்தச் சூட்டை ஒருபோதும் எட்டாது.

பெயர்ந்து விழுந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். அதன் அடிப்பக்கம் பழைய கறுப்பு பெயின்ட்டோடு சேர்ந்து வந்திருந்தால், பெயின்ட்டைச் சுரண்டாமல் மேலேயே பூசியிருக்கிறார்கள். அடிப்பக்கம் வழவழப்பாக இருந்தால் 80 எண் உப்புத்தாளால் தகரத்தைச் சொரசொரப்பாக்கவில்லை. கேபினட்டுகள் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய மெல்லிய எஃகுத் தகட்டால் ஆனவை. அந்தப் பூச்சின் மேல் சாதாரண ஃபில்லர் சரியாகப் பிடிப்பதில்லை. துத்தநாகம் பூசிய தகட்டுக்கும் ஏற்றது என்று டப்பாவில் குறித்த ஃபில்லரைப் பூச வேண்டும், அல்லது முதலில் எபாக்சி பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடிக்க வேண்டும். துண்டின் தடிமனையும் அளந்து பாருங்கள். ஒரு பூச்சு 3 மில்லிமீட்டர் அளவிலும், மொத்தமே 6 மில்லிமீட்டருக்குள்ளும் இருப்பது நல்லது. சிங்கத்தின் நெற்றிக்குரிய புடைப்பைக் கம்பி வலை, மரத்துண்டு, ஃபைபர் ஆகியவற்றால் கட்டி, ஃபில்லரை மேற்பூச்சாக மட்டும் இழுத்திருக்க வேண்டும். முழுவதையும் ஃபில்லராலேயே அப்பியிருந்தால் அது வெடிக்கத்தான் செய்யும்.

இவற்றில் எது நடந்திருந்தாலும் அது சேவைக் குறைபாடு. நீங்கள் பணத்தைச் செயலி வழியாக அனுப்பியதாகக் கடிதத்தின் பிற்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிவும், வேலையைப் பற்றி நீங்கள் பரிமாறிக்கொண்ட செய்திகளும் ஆவணங்களே. துண்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உங்களை ஏமாற்றிவிட்டு உங்கள் கணினியின் மேலேயே பழியைப் போட்டிருக்கிறார்கள், விட்டுக்கொடுக்காமல் கேளுங்கள்.

தெர்மாகோலில் அழகாக வடிவம் செதுக்கி, மேலே ஃபில்லர் பூசினேன். தெர்மாகோல் கரைந்து குழியாகிவிட்டது. கலப்படச் சரக்கா? – திருவொற்றியூர் வாசகர்

சரக்கில் குறை இல்லை. ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைக்கும். ஒரு சிறு துண்டில் பூசிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும் செய்திக்காக ஒரு வார உழைப்பை இழந்திருக்கிறீர்கள். அடுத்த முறை தெர்மாகோலின் மேல் எபாக்சி ரெசின் பூசி நன்றாக இறுகவிட்ட பிறகு ஃபில்லர் போடுங்கள், அல்லது பாலியூரித்தேன் நுரைப்பலகையில் செதுக்குங்கள்.

படகு ஃபைபர் வேலையில் மிஞ்சிய ரெசின் உறவினரிடம் இருக்கிறது. அதில் டால்கம் பவுடரைக் கலந்தால் ஃபில்லர் ஆகிவிடும் என்கிறார்கள். காசு மிச்சம்தானே? – காசிமேடு வாசகர்

இதைச் செய்யாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். படகு ரெசினும் பாலியெஸ்டர்தான், ஆனால் அதற்குரிய ஹார்ட்னர் வேறு. மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு என்ற அந்தத் திரவத்தின் ஒரு துளி கண்ணில் பட்டாலே பார்வை பாழாகலாம். அதை, இறுகுவதை விரைவுபடுத்தச் சேர்க்கும் கோபால்ட் முடுக்கியோடு நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். படகு வேலை செய்பவர்கள் அனுபவத்தால் எதை முதலில், எதைப் பிறகு சேர்ப்பது என்று அறிந்திருக்கிறார்கள். பெயர் எழுதாத பாட்டில்களில் உங்கள் வீட்டுக்கு வந்தபின் எது எதுவென்று யாருக்குத் தெரியும்? ஃபைபர் அடுக்கு வேண்டுமென்றால் அந்த உறவினரையே, அவருடைய பட்டறையிலேயே, போட்டுத் தரச் சொல்லுங்கள். மேற்பூச்சுக்கு ஃபில்லர் டப்பாவைத் தனியாக வாங்குங்கள்.

எங்கள் வீடு ஒரே அறை. அம்மாவுக்கு ஆஸ்துமா. துணி மாஸ்க் கட்டிக்கொண்டு உப்புத்தாள் போட்டால் போதுமா? – தண்டையார்பேட்டை வாசகர்

போதாது. அந்த அறையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. உப்புத்தாள் போடும்போது பறக்கும் நுண்தூளுக்கு என்95 மாஸ்க் வேண்டும். ஸ்டைரீன் ஆவியை என்95 தடுக்காது, அதற்குக் கரிம ஆவிகளுக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகக்கவசம் தேவை. ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் 2ஏ பிரிவுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் உயர்த்தியது. அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். எனவே அடுப்பு எரியும் அறைக்கு அருகிலும் வேண்டாம். மொட்டை மாடியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி உட்கார்ந்து செய்யுங்கள், வேலை உடையை மாடியிலேயே மாற்றிவிட்டுக் கீழே வாருங்கள். இடம் கிடைக்காவிட்டால் இந்த ஆசையைத் தள்ளிப்போடுங்கள். அம்மாவின் மூச்சு முக்கியம்.

தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போட்டேன். பெயின்ட் அடித்த பிறகு கொப்புளம் வருகிறது. பெயின்ட் மட்டமா? – எர்ணாவூர் வாசகர்

பெயின்ட்டைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைக் குறை சொல்லுங்கள். ஃபில்லர் ஈரத்தை உறிஞ்சும். அதை உலர்வாகவே தேய்த்து, பிரைமர் அடித்த பிறகு பிரைமரின் மேல் வேண்டுமானால் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போடலாம். கடற்கரையை ஒட்டிய உங்கள் பகுதியில் பிரைமர் இல்லாமல் ஒரு நாள்கூட விட்டு வைக்காதீர்கள். உப்புக் காற்றின் ஈரம் ஃபில்லரைத் தாண்டித் தகரத்தில் துருவாக இறங்கும்.

வடிவமைத்த பழைய கேபினட் ஒன்றை நேரில் பார்த்து வாங்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? – வியாசர்பாடி வாசகர்

இரும்பு கேபினட் என்றால் ஒரு சிறிய காந்தத்தைக் கொண்டு போங்கள். ஃபில்லர் தடிமனாக உள்ள இடத்தில் காந்தம் பிடிக்காது. அலுமினியத்தில் இந்தச் சோதனை செல்லாது. விளக்கைப் பிடித்து உள்ளே பாருங்கள்: காற்றுத் துளைகளை ஃபில்லரால் அடைத்திருந்தால் வேண்டாம். மதர்போர்டு திருகும் கால்களிலும் எஸ்.எம்.பி.எஸ் எனப்படும் மின்வழங்கிப் பெட்டியைத் திருகும் இடத்திலும் வெறும் உலோகம் தெரிய வேண்டும், ஏனெனில் எர்த் தொடர்பு அவற்றின் வழியாகத்தான் போகிறது. நான் வாங்கிய ஒரு பழைய கேபினட்டில் அந்த இடங்களிலெல்லாம் பெயின்ட்டை மெழுகியிருந்தார்கள். தொடும்போதெல்லாம் கையில் சுருக்கென்றது. உங்கள் மதர்போர்டின் அளவையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஏ.டி.எக்ஸ் என்ற அளவு வகையின் முழு மதர்போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர். உள்பக்கம் ஃபில்லர் பிதுங்கியிருந்தால் மதர்போர்டு உட்காராது.

டப்பாவில் அச்சடித்த விலையின் மேல் கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். கொடுக்க வேண்டுமா? – பெரம்பூர் வாசகர்

வேண்டாம். விலையை உயர்த்தி ஸ்டிக்கர் ஒட்டுவது விதிமீறல். ஸ்டிக்கர் இருக்கும் நிலையிலேயே படம் எடுத்து, பில்லோடு சேர்த்து, தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.