பயம் இல்லை, ஆனாலும் திரும்பத் திரும்பச் செய்கிறேன்: இது ஓசிடிதானா?

கேள்வி: எனக்கு வயது 27. கதவு பூட்டியிருப்பது தெரிந்தும், பூட்டிய விதம் மனதுக்குச் சரியாகப் படாமல் திரும்பிப் போய்ப் பூட்டுகிறேன். சட்டைக் கைகளின் மடிப்பு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அமையும் வரை அவிழ்த்து அவிழ்த்து மடிக்கிறேன். கெட்டது நடக்கும் என்ற பயம் எதுவும் இல்லை. பயம் இல்லாததால் இது ஓசிடி (வேண்டாத எண்ணமோ உந்துதலோ விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநலக் கோளாறு) அல்ல, சுபாவம் என்று சொல்லி ஓர் ஆலோசகர் அனுப்பிவிட்டார். ஆழ்மனதை 21 நாளில் மாற்றித் தருவதாகச் சொல்லும் ஒருவரிடம் பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். உங்களுக்கு இருப்பது ஓசிடியாக இருப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் அதை உறுதிசெய்ய வேண்டியவர் நேரில் பார்க்கும் மனநல மருத்துவர். இந்தச் செயல்கள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினாலோ, வேலையையும் உறவுகளையும் கெடுத்தாலோ இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

பயம் இல்லாவிட்டால் ஓசிடி இல்லை என்பது தவறு. செய்த செயல் முடிவடையவில்லை என்று உறுத்தும் நிறைவின்மை உணர்வைப் பிரெஞ்சு மருத்துவர் பியர் ஜானே 1903-இலேயே விவரித்துவிட்டார். 1989-இல் வெளியாகி ஓசிடியின் தீவிரத்தை அளக்க இன்றுவரை மருத்துவர்கள் பயன்படுத்தும் யேல்-பிரவுன் அளவுகோலின் அறிகுறிப் பட்டியலிலும் சமச்சீர், அடுக்கிவைத்தல், திரும்பச் செய்தல் ஆகியவை தனித்தனியாக இடம்பெற்றிருக்கின்றன. அப்படியிருந்தும், "எதற்குப் பயப்படுகிறீர்கள்?" என்ற ஒரே கேள்வியோடு பத்து நிமிடத்தில் ஆளை அனுப்பிவிடும் வழக்கம் மாறவில்லை. இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பல ஆண்டுகள் கழித்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வயிறு நிறைந்ததும் போதும் என்று தோன்றுவதுபோல, ஒரு வேலை முடிந்ததும் "முடிந்தது" என்று தோன்ற வேண்டும். உங்களுக்கு வேலை முடிகிறது, அந்த உணர்வு மட்டும் வருவதில்லை. அதை வரவழைக்கத்தான் மறுபடி பூட்டுகிறீர்கள், ஆனால் பூட்டப் பூட்ட அது இன்னும் விலகிப் போகிறது. கணினித் திரையில் ஓர் எரிவாயு அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் செய்து 2003-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், சரிபார்த்தவர்களின் நினைவு பிழையாகவில்லை. அந்த நினைவின் தெளிவும் அதன்மேல் இருந்த நம்பிக்கையும்தான் குறைந்தன.

ஆகவே "எதிர்கொண்டு தடுக்கும் பயிற்சி" என்ற சிகிச்சையைத் தருபவரைத் தேடுங்கள். நாளை காலை இடக்கை மடிப்பை வேண்டுமென்றே ஒரு சுற்றுக் குறைத்துவிட்டு வெளியே போவதுபோல் அது தொடங்கும். மணிக்கட்டில் ஒரு குறுகுறுப்பு எழும், கை தானாகவே அங்கே போகும். மடிப்பைத் தொடாமல், அடுத்த வேலையை அந்தக் குறுகுறுப்போடு செய்ய வேண்டும். உணர்வு மறைந்தால்தான் வெற்றி என்று எண்ணாதீர்கள், ஏனெனில் பயம் தணியும் வேகத்தில் இது தணியாமல் போகலாம். பயிற்சியையே குறையில்லாமல் செய்யவேண்டும் என்று ஆரம்பித்தால் அதுவும் இன்னொரு சடங்காகிவிடும்.

இனி பணம் கேட்பவர்களைப் பற்றி. 21 நாள் கெடு, மூளைப் படம் எடுத்து ஓசிடியைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை, முழு உத்தரவாதம் ஆகிய மூன்றில் எதைச் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். மூளைப் படத்தை மட்டும் வைத்து ஓசிடியை யாராலும் உறுதிசெய்ய முடியாது. தகுதி பெற்ற ஆலோசகரே ஆனாலும், முதல் சந்திப்பிலேயே "வீட்டில் செய்ய என்ன பயிற்சி தருவீர்கள்?" என்று கேளுங்கள். மாதக்கணக்கில் குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பேசவைத்தே கட்டணம் வாங்குகிறவர்களிடம் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரைகளை மட்டும் தொடர்ந்து எழுதித் தருகிறவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள், அவை ஓசிடிக்கான மருந்தல்ல, பழக்கமாகிவிடும். ஓசிடிக்கான மருந்துகள் முழுப்பலன் காட்டப் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். இடையில் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒன்றை மட்டும் மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். சிறுவயதில் கண்ணை வெடுக்கென்று சிமிட்டுவது, தோளைக் குலுக்குவது, தொண்டையைச் செருமுவது போன்ற, தன்னையறியாமல் வரும் அசைவுகள் இருந்தனவா? நிறைவின்மை உணர்வு மிகுந்தவர்களிடம் இவை அடிக்கடி காணப்படுகின்றன. இவை வாரக்கணக்கில் காணாமல்போய்த் திரும்ப வருபவை என்பதால் உங்களுக்கே நினைவிருக்காது, ஆகவே அம்மாவிடம் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கண்டித்திருப்பார், கண்ணில் கோளாறு என்று கண்ணாடிகூட வாங்கித் தந்திருப்பார்கள். அசைவுகள் இருந்தவர்களுக்கு வழக்கமான ஓசிடி மருந்து மட்டும் போதாமல் வேறொரு மருந்தைச் சிறு அளவில் சேர்க்க நேரலாம். அந்த அசைவுகளுக்கென்றே பழக்கத்தை மாற்றும் பயிற்சியும் தனியாக உண்டு. மருத்துவர் இதைக் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள்; போகும்போது, ஒரு நாளில் எதை எத்தனை முறை, எவ்வளவு நேரம் செய்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கையெழுத்து கோணலாக இருந்தாலும் அந்தத் தாளைத் திருத்தி எழுத வேண்டாம்.