மிளகாய் கருகும் மண்ணில் பருத்தி நிற்பது ஏன்?

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில், கடலை ஒட்டிய ஊரில் அரை ஏக்கர் மிளகாய் நட்டேன். இலை நுனி கருகிச் செடிகள் குன்றிவிட்டன. அதே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாயும் பக்கத்து வயலில் பருத்தி பச்சையாக நிற்கிறது. ஜிப்சம் போட்டால் சரியாகுமா?

பதில்: ஐயா, ஜிப்சம் வாங்குவதைச் சற்று நிறுத்தி வையுங்கள். உவரும் களரும் ஒன்றல்ல. களரில் சோடியம் களிமண்ணோடு ஒட்டி மண்ணை இறுக்கிவிடும். கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டும். அதற்குத்தான் ஜிப்சம். உவரில் இருப்பது கரையும் உப்பு. அதை மழைநீரோ ஆற்றுநீரோ கட்டிக் கரைத்து வடித்தால்தான் போகும். உங்கள் ஊர் நிலமும் தண்ணீரும் பெரும்பாலும் உவராகத்தான் இருக்கும். ஆனாலும் பரிசோதித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

உவர் மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடிவதில்லை. இதைச் சமாளிப்பதில்தான் செடிக்குச் செடி வேறுபாடு. சில பயிர்கள் சோடியத்தை வேரிலேயே மறிக்கும். சில, உள்ளே வந்த உப்பை இலைச் செல்லுக்குள் தனி அறையில் பூட்டி வைக்கும். உப்பளக் கரையில் வளரும் உமரியைக் கடித்துப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கரிப்பு அப்படிப் பூட்டிய உப்புதான். பருத்திக்கும் அந்தத் திறமை ஓரளவு உண்டு. மிளகாய்க்கு மிகக் குறைவு.

மண்ணில் உப்பு எவ்வளவு என்பதை மின்கடத்து திறன் (EC) காட்டும். அது மீட்டருக்கு 1.5 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே மிளகாயில் விளைச்சல் சரியத் தொடங்கும். வெங்காயம் 1.2, பீன்ஸ் 1 என்று இன்னும் மென்மையானவை. நெல் 3, தட்டைப்பயறு ஏறத்தாழ 5, சோளம் 6.8, பருத்தி 7.7 வரை தாங்கும். இவை மண்ணைக் குழைத்து எடுத்த சாற்றின் அளவுகள். நம் ஆய்வகங்களில் பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் கலந்து அளப்பார்கள். அதில் எண் நன்றாகக் குறைந்து தெரியும். எந்த முறை என்று கேட்காமல் அறிக்கையை நம்பி ஏமாறாதீர்கள்.

ஆகவே அடுத்த பட்டத்துக்குப் பருத்தியோ சோளமோ போடுங்கள். ஆனால் பருத்தியும் முளைக்கும் பருவத்தில் உப்புக்குப் பயந்ததுதான். மழை பெய்து மேல்மண் கழுவப்பட்ட பிறகு விதையுங்கள். பாரின் (வாய்க்கால்களுக்கு இடையே உயர்த்திய மண்மேட்டின்) உச்சியில் ஊன்ற வேண்டாம். ஈரம் ஏறிக் காயும்போது உப்பு முழுவதும் அங்கேதான் பூக்கும். பக்கச் சரிவில் ஊன்றுங்கள். இடையில் வயலைக் காயவிடாமல் அடிக்கடி தண்ணீர் கொடுங்கள்.