குடல் அழற்சிக்கு கார்-டி செல் சிகிச்சை: கேள்வி பதில்

கேள்வி: என் தம்பிக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய். ஸ்டீராய்டு, அழற்சியைக் குறைக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்து எல்லாம் பார்த்தாச்சு. ஜெர்மனியில் ஒரு பெண்ணுக்கு கார்-டி செல் ஏற்றிக் குணமானதாமே, உண்மையா சார்?

பதில்: உண்மைதான் அம்மா. எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது, 2025-இல் வெளியானது. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்கள் எனும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களைப் பிரித்து, புது மரபணு சேர்த்து, திரும்ப ஏற்றுகிறார்கள்; இவைதான் கார்-டி செல்கள். அவை சிடி19 என்ற புரதம் உள்ள பி செல்களைத் தேடி அழிக்கும். பி செல்களும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்தான்; வழிதவறினால் சொந்த உடலையே தாக்கத் துணைபோகும். 2022-இல் அங்கே இதே முறையில் லூபஸ் (நோய் எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்) நோயாளிகள் 5 பேருக்கும் நோய் அடங்கியது. ஆனால் கொலைட்டிஸில் இது ஒரே ஒருவரின் அனுபவம். குணமானது என்று நான் சொல்லமாட்டேன், நோய் அடங்கியது என்பதே சரி.

கேள்வி: பி செல்லை அழிக்கத்தான் ரிடுக்ஸிமாப் என்ற மருந்து இருக்கிறதே? அது போதாதா?

பதில்: அதைப் போட்டும் பார்த்தார்கள். 2011-இல் வெளியான பிரிட்டிஷ் சோதனையில் கொலைட்டிஸுக்குப் பலன் கிடைக்கவில்லை. அதனால்தான் எர்லாங்கன் செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ரிடுக்ஸிமாப் ரத்தத்தில் ஓடும் பி செல்களைத் துடைத்துவிடும், திசுக்களுக்குள் பதுங்கியவை தப்பிவிடும். கார்-டி செல் உயிருள்ளது. உள்ளே நுழையும், அங்கேயே பெருகும். வித்தியாசம் இதில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

கேள்வி: எனக்கு க்ரோன்ஸ், இன்னொரு வகைக் குடல் அழற்சி. எனக்கும் இதுதானா?

பதில்: க்ரோன்ஸில் இன்னொரு வழியையும் முயல்கிறார்கள்: அழிக்கும் செல்லுக்குப் பதில், அழற்சியைத் தணிக்கும் டி செல். 2012-இல் பிரெஞ்சுக் குழு ஒன்று, மரபணு மாற்றாத அத்தகைய செல்களை 20 பேருக்குக் கொடுத்தது. 8 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது.

கேள்வி: பக்கவிளைவு?

பதில்: லேசாக எடுக்காதீர்கள். செல் ஏற்றுமுன் கீமோ உண்டு, அது கருத்தரிக்கும் திறனைப் பாதிக்கலாம். பிள்ளை பெற நினைப்பவர்கள் கருமுட்டை, விந்துச் சேமிப்பு பற்றி முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம் கடும் காய்ச்சல் வரலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம், தொற்றும் பிடிக்கலாம். புதிதாக டி செல் புற்றுநோய் வரும் அபாயம் பற்றி 2024-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை சேர்த்தது.

கேள்வி: சார், மறுபடியும் நான்தான். தம்பியின் பெருங்குடலை எடுக்கச் சொல்கிறார்கள். இது இங்கே வரும்வரை தள்ளிப்போடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இந்தியாவில் 2023-இல் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சை ரத்தப் புற்றுநோய்க்கு மட்டும்தான். குடல் வீங்கி ஓட்டை விழுந்தால் உயிருக்கே ஆபத்து. இந்த வாரமே சர்ஜனைப் பாருங்கள்.