முழங்கால் அறுவைக்கு முன் ஆர்.வி. பயணம்: எப்போது திரும்புவது?

அம்மாவை ஆர்.வி.யில் (படுக்கை, சமையல் வசதியுள்ள பயண வண்டி) அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போய், அறுவைக்கு இரண்டு நாள் முன்பு திரும்பினால் போதுமா என்றால், போதாது. அம்மாவின் முழங்கால் மாற்று அறுவைக்கு ஒரு வாரமாவது முன்னதாக கிராண்ட் கேன்யனிலிருந்து வீடு திரும்பிவிடுங்கள்.

ஆர்.வி. படியில் உரசிய கீறல், கொசுக்கடியைச் சொறிந்த புண், இவ்வளவு போதும் தேதி தள்ளிப்போக. அறுவை செய்யவிருக்கும் காலில் தோல் கிழிந்திருந்தால் தொற்றுக்குப் பயந்து மருத்துவர் அறுவையை ஒத்திவைக்கக்கூடும். தினமும் இரவு நல்ல வெளிச்சத்தில் முழங்காலிலிருந்து விரலிடுக்கு வரை பாருங்கள். சிவந்திருந்தால் படமெடுத்து அன்றே அனுப்பிக் கேளுங்கள்.

அப்புறம், வண்டி ஓடும்போது பின்கட்டிலில் படுக்கவைக்க வேண்டாம். பெல்ட் உள்ள இருக்கைதான். ஒன்றிரண்டு மணிக்கொருமுறை நிறுத்தி நடக்க விடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு சுமார் 7,000 அடி உயரம். இதயக் கோளாறு இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலோ, மருத்துவரிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள்.