700 வகை வண்டுகள்

அன்புள்ள ஐயாவுக்கு,

சிறுவயதில் மந்திரவாதிக் கதைகளைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன். இப்போது எதைப் படித்தாலும் அந்தப் பிரமிப்பு வருவதில்லை. மகன் தொடக்கநிலை நான்கில் படிக்கிறான். எங்கள் இருவருக்கும் வியப்பைத் தரக்கூடிய பத்துப் புத்தகங்களைச் சொல்வீர்களா? தமிழிலா ஆங்கிலத்திலா, காகிதமா கைப்பேசியா என்றும் சொல்லுங்கள். சிங்கப்பூரில் வியந்து பார்க்க என்ன இருக்கிறது? எல்லாம் மனிதன் கட்டியதுதானே! எங்களுக்குப் புத்தகம்தான் கதி.

வாசகி, ஈசூன்

அன்புள்ள தங்கைக்கு,

பிள்ளைக்கு மட்டும் புத்தகம் கேட்டு எழுதுகிறவர்கள்தான் அதிகம். நீங்களும் அவனோடு சேர்ந்து வியக்க ஆசைப்படுகிறீர்கள். அதற்காகவே உடனே எழுதுகிறேன். தமிழா ஆங்கிலமா, காகிதமா கைப்பேசியா என்பதையெல்லாம் விடுங்கள். எது கைக்கு எட்டுகிறதோ அது.

ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியைச் சும்மா விட முடியாது. ஈசூனில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? புக்கிட் தீமா உங்களுக்கு எவ்வளவு தூரம்? 1854இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் அங்கே பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவருடைய வீட்டில் தங்கி, ஏறக்குறைய இரண்டே மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அதில் 130 வகை நீண்ட உணர்கொம்பு உள்ளவை. கிட்டத்தட்ட எல்லாமே ஒரு சதுர மைலுக்கு மிகாத காட்டில் கிடைத்தவை. 1869இல் வெளிவந்த ‘மலாய் தீவுக்கூட்டம்’ நூலில் இதற்குக் காரணமும் சொல்கிறார்: சீன மரம்வெட்டிகள் ஆண்டுக்கணக்கில் வெட்டிப்போட்ட மரம், பட்டை, மரத்தூள், மட்கும் இலை, எல்லாம் புழுக்களுக்குத் தீனி. அதே காட்டில் புலிக்குழிகளும் இருந்தன. 15, 20 அடி ஆழம். வாய் குறுகி அடி அகன்றவை. மேலே குச்சியும் இலையும் பரப்பியிருக்கும். அவரே விழப் பார்த்துத் தப்பியிருக்கிறார்.

‘அற்புதம்’, ‘பிரம்மாண்டம்’ என்று ஒரு சொல் இதில் உண்டா? எங்கே பேசினாலும் இதைத்தான் சொல்கிறேன், மறுபடியும் சொல்கிறேன்: பிரமிப்பு துல்லியத்தில்தான் பிறக்கிறது. ஆழமான குழி என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். வாய் குறுகி அடி அகன்றது என்றால்தான், விழுந்தது எப்படி ஏறி வரும் என்று மனம் கணக்குப் போடுகிறது, வயிறு கலங்குகிறது. உங்கள் மந்திரவாதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி ஒரு குகை, குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளியிடம் அவன் உயிர். கதை சொன்னவர் விலாசம் கொடுத்துவிட்டார், நீங்கள் தூங்கவில்லை. இன்று அட்டையில் ‘வியக்க வைக்கும்’ என்று போட்டு வருகிற சிறுவர் நூல்களில் பாதி, உள்ளே ஒரு அளவோ பெயரோ இல்லாமல் வெறுமனே கூவுகின்றன. தயவுசெய்து அவற்றை வாங்காதீர்கள்.

ஊரில் நாங்கள் பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் வைத்து, கொடுக்காப்புளி இலை போட்டு வளர்ப்போம். முட்டை வைத்துவிட்டதா என்று வகுப்பில் மேசைக்கடியில் திறந்து பார்ப்பேன். வெளிச்சத்தில் சாய்த்தால் பச்சை பொன்னாக மாறும். அதற்கு எத்தனை சொந்தபந்தம் என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை, புத்தகமும் இல்லை. வாலஸுக்குச் சொல்ல ஒரு நண்பர் வாய்த்தார், பேட்ஸ். ஒரு ஊரைச் சுற்றி ஐம்பது வகை வண்டு இருக்கும், மிஞ்சினால் நூறு என்றுதான் அதுவரை வாலஸ் எண்ணியிருந்தார். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரைச் சுற்றிப் பத்து மைலுக்குள் ஆயிரம் வகை இருக்கலாம் என்று தெரியவந்தது. அங்கே பிடித்த வண்டுப் பைத்தியம்தான் புக்கிட் தீமா வரை வந்தது.

பத்துப் புத்தகம் எதற்கு? வாலஸின் சிங்கப்பூர் அத்தியாயத்தை முதலில் படியுங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய ஆங்கிலம், பையனுக்குக் கடினம். நீங்கள் படித்துத் தமிழில் சொல்லுங்கள். எண்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிறகு அவனை டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள், வாலஸ் பெயரிலேயே அங்கே ஒரு பாதை உண்டு. விழுந்து கிடக்கும் மரத்தருகே உட்கார்ந்து பார்க்கட்டும். எதையும் பிடிக்கக் கூடாது, எண்ணலாம். எத்தனை வகை பார்த்தான் என்று அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.