மூலாவின் 28 ஆண்டுகள்: இரு பட்டியல்கள் முரண்படுவது ஏன்?

வணக்கம். அமெரிக்க மல்யுத்த வீராங்கனை ஃபேபுலஸ் மூலா மகளிர் மல்யுத்தப் பட்டத்தை 28 ஆண்டுகள் தொடர்ந்து வைத்திருந்ததாக ஒரு பட்டியலும், இடையில் வேறு சிலர் வென்றதாக மற்றொரு பட்டியலும் சொல்வதால், வினாடி வினாவுக்கு எதை ஏற்பது என்று கேட்டிருந்தீர்கள்.

மூலா 1956 செப்டம்பரில் பால்டிமோரில் ஜூடி கிரேபிளை வீழ்த்தி வென்றபோது, அது டபிள்யூடபிள்யூஇ என்ற அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சி நிறுவனத்தின் பட்டமே அன்று. அந்த நிறுவனம் 1980-களில்தான் அதன் உரிமையை அவரிடமிருந்து வாங்கியது. 1984 ஜூலை 23 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வெண்டி ரிக்டர் அவரைத் தோற்கடித்தார். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலம் முழுவதையும் ஒரே ஆட்சியாக நிறுவனம் கணக்கிடுகிறது. ஆனால் 1966-இல் பெட்டி பௌச்சரும், 1968-இல் ஜப்பானில் யுகிகோ டோமோயேவும், 1976-இல் சூ கிரீனும் பட்டத்தைக் கைப்பற்றியிருக்கிறார்கள். மூலா அதைச் சில வாரங்களிலோ அதற்கும் முன்போ மீட்டுக்கொண்டார். அந்தப் பெண்களின் வெற்றியை ஒரு விளம்பர எண்ணுக்காக மறைத்தது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே, “டபிள்யூடபிள்யூஇ-யின் அதிகாரபூர்வக் கணக்குப்படி” என்ற சொற்களைக் கேள்வியிலேயே சேர்த்துவிடுங்கள். 28 என்ற விடை அப்போது சரியாகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பழைய பட்டம் 2010-இல் அந்நிறுவனத்தின் மற்றொரு மகளிர் பட்டமான திவாஸ் பட்டத்துடன் இணைக்கப்பட்டு முடிவுக்கு வந்தது. 2016-இல் அதன் ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 32-இல் சார்லட் ஃபிளேர் வென்றது புதிய பட்டம். அதை மூலாவின் வரிசையில் சேர்க்க வேண்டாம்.